கவலை கூடை தொள்ளாயிரம்

எழுநூறு, எண்ணூறு வரைக்கும்
ஏலம் சரியாகத்தான் போனதாம்.
அடுத்த எண் தேசிங்கின் வாய்க்குள்
வழுக்கி விழுந்தது.
தொள்ளா... தொள்ளா...
கூடையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.
விடியறதுக்குள்ளயே ஊத்திக்கினியாண்ணே, என்றாள் ஒருத்தி.
ஐஸ் உடைக்கிற சகாயராஜ் மட்டும் சிரிக்கவில்லை.
அண்ணன் உதட்டின் இடப்பக்கம்
நங்கூரம் கட்டினதுபோல் இறங்குவதைப் பார்த்தான்.
கொட்டாப்புளியை எறிந்துவிட்டு ஆட்டோவை மறித்தான்.

கல்மண்டபம் தாண்டி
ஸ்டான்லி வாசலில் இறங்கும்போது
அவர் சொன்ன முதல் முழுச்சொல்:
தொள்ளாயிரம்.

எட்டிப் பார்த்துட்டுப் போயிருக்கும்மா, என்றார் டாக்டர்.
அடுத்த தடவை செருப்பைக் கழட்டிட்டு
உள்ள வந்து உக்காந்துடும்.
பிரஷர் நூற்றெண்பது.
மாத்திரையை ஒருநாள்கூட விடக் கூடாது,
மிச்சத்தைச் சாப்பாட்டில் பாருங்க என்று
பக்கத்து அறைக்கு அனுப்பினார்.

அங்கே ஒரு சின்னப் பெண், கழுத்தில் அட்டை.
உங்களுக்கு என்ன தொழில்மா?
கருவாடு, என்றேன்.
அவள் பேனா நின்றுவிட்டது.

மூட்டை ஐம்பது கிலோ.
இருபத்தாறு வருஷமாக
நெத்திலிக்கும் வாளைக்கும் சுறாவுக்கும்
இந்தக் கையால்தான் உப்புத் திணிக்கிறேன்.
விரலிடுக்கு வெடிப்பு ஆறினதே இல்லை.
அதே உப்பு அவர் ரத்தக்குழாய்க்குள்ளும் போய்
சுவரை அரித்துக்கொண்டிருந்தது என்று
யார் வந்து சொன்னார்கள் எனக்கு?

ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன், என்றாள்.
ஊறுகாய், அப்பளம், கடைச் சேவு
எல்லாம் அதுக்குள்ளயே.
கூழுக்கு அவர் கடித்துக்கொள்கிற துண்டிலேயே
அவ்வளவு இருக்கும்.
நான் சொல்லவில்லை.

கிட்னி நல்லா இருக்கு,
கீரையும் வாழைப்பழமும் தாராளமா சாப்பிடலாம்.
அதுல இருக்கற பொட்டாசியம்
உப்பை வெளிய தள்ளும்.
லாஞ்சுல ஏறுன தண்ணிய எறைக்குற பம்பு மாதிரியா,
என்று கேட்டார் இவர்.
அவள் லாஞ்சில் ஏறியிருக்க மாட்டாள். ஆமா, என்றாள்.

மீன்? என்றேன், பயந்துகொண்டே.
வாரம் ரெண்டு நாள். வறுக்காம, குழம்புல.
வஞ்சிரம்தான்னு இல்ல, மத்தி போதும்,
அந்தக் கொழுப்பு நல்லது.

எங்கள் வாயில் அதற்குப் பேர் கவலை.
கவலைய துன்னச் சொல்றாங்கடி, என்று
படியிறங்கும்போது சிரித்தார்,
கோணாத வாயால்.
அவர் எப்போதும் கடைசியாக ஏலம்விட்ட மீன்.
விலை போகாத நாளில்
கோழித் தீவனத்துக்கு லாரி ஏறுகிற மீன்.

இப்போது காலையில் கேழ்வரகுக் கூழ்,
சின்ன வெங்காயம்.
கருவாடு இல்லை.
முதல் வாரம் சட்டியைத் தள்ளினார்.
அடுத்த வாரம் லுங்கி மடிப்பில்
ஊறுகாய் பாக்கெட் பிடிபட்டது.
தெரு கேட்கச் சண்டை போட்டோம்.
அப்புறம் ஒருநாள் கவலைக் குழம்பில்
மாங்காயைக் கூட்டி உப்பைப் பாதியாக்கினேன்.
ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.
சொல்லாததே போதும்.

தினமும் குழாயடியில் முகம் கழுவியதும்
ஒருதரம் சொல்லிப் பார்க்கிறார்,
தொள்ளாயிரம்.
கேட்கும்வரை
அடுப்படியில் என் கரண்டி அசையாது.

கடையில் இன்னமும் உப்புதான்.
வாடகை இருக்கிறது.
நேற்று ஒருத்தர் சுறாக் கருவாடு எடுத்தார்,
இரண்டு படி ஏறினதற்கே மூச்சு வாங்கினார்.
வெந்நீர்ல ஊறவெச்சு மூணு தண்ணி மாத்துங்க,
மாசத்துக்கு ஒருவாட்டி போதும், என்றேன்.
விக்கறவளே இப்படிச் சொன்னா?
வைத்துவிட்டுப் போய்விட்டார்.

போகட்டும்.
நூற்றிருபது ரூபாய்.