பூஜ்யப் படி

குந்துகால் துறையில் மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு
பெங்களூரிலிருந்து வந்த வரைபடத்தைப் பார்க்கிறேன்.
கைப்பேசித் திரையெல்லாம் உப்பு.
அதில் ஒரு துகளையும் தரவுப் புள்ளி என்று
இரண்டு முறை எண்ணிவிட்டேன்.

படிக்கட்டு.
மின்னோட்டத்தை ஏற்றிக்கொண்டே போகிறோம்,
மின்னழுத்தம் நிற்கிறது,
நிற்கிறது, நின்றே இருக்கிறது,
சட்டென்று அடுத்த படிக்குத் தாவுகிறது.
இருபது மைக்ரோவோல்ட், கொஞ்சம் மேலே. எல்லாப் படிக்கும் அதே உயரம்.
அதை முடிவுசெய்வது நானில்லை,
சில்லைச் செய்த அஸ்வத்தும் இல்லை.
நொடிக்கு ஆயிரம் கோடி முறை
வெளியிலிருந்து நாங்கள் ஆட்டுகிற ஆட்டம்;
அது சொல்லும் எண்ணுக்குச் சந்தி கட்டுப்பட்டுச் சுற்றுகிறது,
ஒரு ஆட்டத்துக்கு ஒரு சுற்று, இரண்டு சுற்று,
ஒன்றரை மட்டும் கிடையாது.

கஸ்பாருக்குச் சொல்லும்போது
வடகடல், தென்கடல், நடுவே பாம்பன் வாய் என்றேன்.
இரண்டு கடலும் ஒன்றாக ஏறி இறங்குவதில்லை,
அந்த வித்தியாசம்தானே வாய்க்குள் நீவாடு.
எங்களுக்கு இரண்டு பக்கமும் நியோபியம்,
நடுவில் ஒரு ஆக்சைடு.
தூண்டில் நரம்பின் பருமனுக்குள்
அதை லட்சம் அடுக்கு வைக்கலாம்.
"குளிர் எவ்வளவு?"
அவன் ஐஸ் கம்பெனியில் அமோனியா பார்க்கிறவன்,
அவனுக்கு அதுதான் கேள்வி.
மைனஸ் இருநூற்று அறுபத்தொன்பது என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"அதுல மீனப் போட்டா?"
"தட்டினா கண்ணாடியா உடையும்."
"அப்ப எவன் வாங்குவான் பிரிஜிலா."

நேற்று ராத்திரி பூஜ்யப் படி காணாமல் போய்விட்டது.
அழுத்தமே இல்லாமல் மின்னோட்டம் போகும் அடிப்படி.
அதற்காகத்தானே இத்தனை ஹீலியம்.
அஸ்வத் எழுதியிருந்தான்:
சந்தி செத்துவிட்டது. காலையில் சூடேற்றித் திறக்கிறேன்.
திறந்தால் மூன்று வாரம் போச்சு.

பதில் எழுதத் தெரியாமல் கடலைப் பார்த்தேன்.
ஒற்றை நங்கூரத்தில் ஒரு வள்ளம்.
நீவாடு அதைத் தன் திசைக்குத் திருப்பப் பார்க்கிறது,
கச்சான் அலை குறுக்கே அடித்து ஆட்டுகிறது.
சின்ன ஆட்டத்துக்கு மூக்கு திரும்பித் திரும்பி
அதே இடத்துக்கு வந்தது.
அலை பெருத்தது. மூக்கு இந்தக் கோடி, அந்தக் கோடி.
இப்போது இழுப்பு ஒரு கணம் இப்படி, மறுகணம் அப்படி,
கூட்டிப் பார்த்தால் ஒன்றுமில்லை.
கயிறு அறுபடவில்லை.
பிடி இல்லை, அவ்வளவுதான்.

பெட்டியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"அஸ்வத், திறக்காதே.
ஏற்று."
"ஏற்றியதால்தானே போச்சு? குறைக்கலாம்."
"குறைத்தாலும் வரும். ஆனால் ஏற்று. நாலு டெசிபெல்."
அந்தப் பக்கம் ஒரு குமிழைத் திருகும் மௌனம்.
மண்டபத்திலிருந்து ரயில் கிளம்பும் சத்தம்;
காற்று அளவுக்குள் வந்திருக்க வேண்டும்.

"வந்திருச்சு."
"முழுசா?"
"பாதிகூட இல்ல. ஆனா இருக்கு."

இருக்கும். இன்னும் அகலமாக ஆட்டினால்
கூட்டல் மறுபடி ஒரு பக்கம் சாயும்,
ஆனால் முன்பு சாய்ந்ததற்கு எதிர்ப்பக்கம்.
வள்ளம் இப்போது தலைகீழ்த் திசையில் நிலைகொள்கிறது,
நீவாட்டுக்கு எதிராக, நிம்மதியாக.
வரைபடம் அதைச் சொல்லாது.
அதற்குப் படியின் அகலம் மட்டும்தான் தெரியும்.

பழுது என்று நான் ஒதுக்கிவைத்த கோப்புகள்,
போன மாதம் ஏழு, அதற்கு முந்தின மாதம்
எத்தனை என்று நினைவில்லை.
அவற்றில் எத்தனை சந்திகள் உயிரோடு இருந்தனவோ.

கைப்பேசி திரும்ப அடித்தது.
"பிரிஜிலா, ஒண்ணாம் படியைக் காணோம்."
சிரித்துவிட்டேன். அது அப்படித்தான்,
பூஜ்யம் திரும்பி நிமிர்கிற இடத்தில்
ஒன்று மறைந்தாக வேண்டும்.
அவன் திட்டுவதும் கேட்டது.

"என்னவாம்?" என்றான் கஸ்பார்.
சொல்ல வாயெடுத்தேன்.
ஐஸ் உடைக்கிற மிஷினைப் போட்டுவிட்டார்கள்.
துறையே அதிர்ந்தது,
காலி மீன்பெட்டி கொஞ்சம் கொஞ்சமாக
விளிம்புக்கு நகர்ந்துகொண்டிருந்தது.