பேடா

ஜூஜூவாடிச் சாவடியில் லாரிகள் நிற்பது
என் ஜன்னலில் தெரியும்.
என் சாவடி உள்ளே, இரண்டாம் அடுக்கில்:
செங்கல் கனம்கூட இல்லாத கறுப்புப் பெட்டி.
விசிறிச் சத்தம் மட்டும் பெரிது.
வெளியே கிடக்கும் இணையத்துக்கும்
உள்ளே ஓடும் குரல்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

பாலக்கோடு தக்காளி மண்டியில் ஒரு மேசைப் போன்.
அரை நிமிடத்துக்கு ஒரு தடவை அது சொல்லும்:
இருக்கேன்.
பெட்டி சொல்லும்: சரி.
சென்னையில் பேரேடு வைத்திருக்கும் சர்வருக்கு
இந்தத் தொணதொணப்பு போகாது.
மணிக்கு ஒரு தரம், தன் வாயாலேயே,
'எழுபத்திரண்டு என்னிடம்தான் இருக்கிறது, குறித்துக்கொள்'
என்று பெட்டி சொல்லிவைக்கும்.

முதல் நாள் சும்மா விட்டுவிடவில்லை.
சென்னை போட்ட புதிரை வாங்கிவந்து
போனிடம் நீட்டியது.
கடவுச்சொல்லை வெளியே சொல்லாமல்
கடவுச்சொல் தெரிந்தவர் மட்டும் அவிழ்க்கிற புதிர்.

நள்ளிரவு தாண்டினால் யார் யாரோ தட்டுவார்கள்.
நூறு இருக்கா? நூற்றியொன்று இருக்கா?
நூற்றியிரண்டு?
பெட்டி வாயே திறக்காது.
'இல்லை' என்பதும் ஒரு தகவல்
என்று நான்தான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு மென்பொருளைப் புதுப்பித்தேன்.
எல்லா விளக்கும் பச்சை.
டீ குடித்தேன்.

மூன்று ஐம்பதுக்குப் போன். மண்டிக் கணக்கர் திம்மராயன்.
'மேடம், நான் பேசுறது அவங்களுக்குப் போகுது போல.
அவங்க பேசுறது எனக்கு வரமாட்டேங்குது.
ரெண்டு மணியிலேர்ந்து இப்படித்தான்.'

இரண்டு பத்தின் அழைப்பை விரித்தேன்.
பெங்களூர்ப் பாதை அடைத்திருக்க,
பெட்டி மறுபாதை பிடித்துக் கொண்டுபோயிருக்கிறது
கலாசிபாளையம் சிக்கண்ணாவிடம்.
அதுவரை குற்றமில்லை.
எனக்குக் குரலை இங்கே அனுப்பு என்று
மண்டிப் போன் கொடுத்த முகவரிதான் கோளாறு.
அது வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகிற முகவரி.
வேப்பமரத்துக்கு எதிர்வீடு என்பது மாதிரி.
எந்த ஊர் வேப்பமரம்?
அதை அழித்து, குரல் நிஜமாக எங்கிருந்து வருகிறதோ
அங்கேயே திருப்பி அனுப்பச் சொல்லும் ஒரு வரி உண்டு.
பழைய அமைப்பில் இருந்தது.
புதியதில் நான் போடவில்லை.

பதிவை ஓட்டிக் கேட்டேன், இரண்டு பக்கமும்.
'பதினாலு ரூபான்னு அறுநூத்தி நாற்பது கிரேட் ஏத்தட்டுமா அண்ணா?'
'பேடா. பேடா திம்மராயா,
இல்லி மார்க்கெட் பித்துஹோய்து.'
'அண்ணா?'
'பேடப்பா!'
'சரிங்கண்ணா, ஏத்திடறேன்.'

மௌனம் சம்மதம் என்று
எவ்வளவு காலமாய்ச் சொல்லிவருகிறோம்.
அந்த வேண்டாம் அழியவில்லை.
மூன்று முறை ஒழுங்காகப் பொட்டலம் கட்டப்பட்டு
யாரும் இல்லாத ஒரு வேப்பமரத்தைத் தேடிப்
போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

வரியைப் போட்டேன். நாலே நொடி.
திம்மராயனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.
அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
இந்தத் தடவை லைனில் பழுதில்லை.
'டிரைவருக்குப் போட்டுப் பாக்கறேன் மேடம்.'
நான் காத்திருந்தேன், அடுத்த போனில்
அந்தப் பெண்குரல் மெலிதாகக் கேட்டது:
தொடர்பு எல்லைக்கு அப்பால் உள்ளார்.
'ரெண்டரைக்குக் கிளம்பினான். அங்கதான் வந்திருப்பான்.
நீலத் தார்ப்பாய் மேடம்.'

படிவத்தில் காரணம் என்ற கட்டம்
துடித்துக்கொண்டிருக்கிறது.
இருக்கேன், என்கிறது எழுபத்திரண்டு.
சரி, என்கிறது பெட்டி.

ஜன்னலில் இருபது முப்பது லாரிகள்.
எல்லாமே நீலத் தார்ப்பாய்.
செருப்பை மாட்டிக்கொண்டு இறங்குகிறேன்,
இரண்டு மணி நேரம் தாமதமான
ஒரு கன்னடச் சொல்லை
ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சொல்ல.