இடது பக்கம்

வெள்ளிக்கிழமை. கரண்டு இல்லை.
மோல்மீனில் ஐந்தாம் நாளாக விடாத மழை.
மழைக்கும் திருடனுக்கும் பயந்து
முன்னறைக்குள் ஏற்றி நிறுத்திய வண்டி
பெட்ரோல் நாறுகிறது.
விளக்கேற்ற வழியில்லை.
முருகா, இன்றைக்கு இருட்டிலேயே இரு.
தீக்குச்சி கிழித்தால்
நீயும் நானும் இந்த மரவீடும்
மொத்தமாய்ச் சோதியில் கலந்துவிடுவோம்.

கைப்பேசி வெளிச்சத்தில் மண்டியிட்டேன்.
மூக்கை ரொம்ப நம்பக் கூடாது,
பத்து நிமிடத்தில் பழகிப்போய்ப் பொய் சொல்லும்.
வாசலுக்குப் போய் மழையை மோந்துவிட்டு வருவேன்,
மறுபடி முதலிலிருந்து.
டாங்கி மூடியின் ரப்பர் வளையம் இன்னும் மிருது.
அடைப்புக் குழாயைத் துடைத்து, விரல் வைத்து,
விரலை மோந்தேன். இல்லை.
கார்புரேட்டருக்கு அடியில்
டியூசன் பிள்ளையின் கணக்குத் தாள் ஒன்றை விரித்தேன்.
காலையில் தாளில்
நான் போட்ட சிவப்புச் சுழியைத் தவிர
ஒரு கறையும் இல்லை.

பட்டறையில் கோ லின் பழைய ரப்பர் குழாயைக் கழற்றி
வெற்றிலை மென்றபடி வளைத்துக் காட்டினான்.
வெடிப்பு இருக்கிறதாம். இருந்தது போலவும் இருந்தது.
புதுக் குழாய், புதுக் கிளிப்பு, எட்டாயிரம் சாட்.
இரண்டு நாள் வீடு வீடாக மணத்தது.
மூன்றாம் நாள்
பங்க் வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று
கொடுத்ததை நிரப்பி வந்தேன்.
ராத்திரி, அதே நாற்றம்.

பக்கத்து வீட்டு டோ கின் ஏ
பலகைச் சுவருக்கு அந்தப்புறம் இருமிக் காட்டினாள்.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லித் தருகிறேன்,
எனக்கு இது பிடிபட நாலு வெள்ளி ஆயிற்று:
நிரப்பினால் நாறும். குறைந்தால் நாறாது.
அப்படியென்றால் ஓட்டை அடியில் இல்லை,
பாதிக்கு மேலே எங்கேயோ.

சனிக்கிழமை தனகா கட்டையைக் கல்லில் இழைத்தேன்.
முகத்துக்குப் போக மிச்சத்தை
டாங்கி முழுக்கப் பூசிக் காயவிட்டேன்.
பள்ளிக்குப் போகிற பெண் மாதிரி நின்றது
நூற்றிருபத்தைந்து சிசி வண்டி.
இடுக்கி வைத்திருந்த இரண்டு லிட்டரையும் ஊற்றி
முக்காலி போட்டு எதிரே உட்கார்ந்தேன்.
அரை மணி நேரம் ஒன்றுமில்லை.
பிறகு இடது பக்கம், கழுகு ஸ்டிக்கரின் வாலுக்குக் கீழே
சந்தன நிறம் நனைந்து கறுத்தது,
ஒரு ரேகை, நகம் அளவு.
தொட்டு மோந்தேன்.

கழுகை உரித்தேன். சிறகோடு பெயின்ட்டும் வந்தது.
உள்ளே பட்டி. பெட்ரோல் தின்று
சப்பிய பலாச்சுளையாய்க் குழைந்த பட்டி.
அதைச் சுரண்டினால்
என் கைமுட்டி அடங்குகிற ஒரு பள்ளம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி
இரண்டு மணிக்கு வந்தான் தனுஷ்கோடி,
முழங்காலில் கால்சட்டை கிழிந்து.
தடுக்கிவிட்டது என்றான்.
வண்டிக்கு ஒன்றுமில்லை என்றான்.
அந்த வாரமே வந்தது கழுகு.
ஏன் ஒரு பக்கம் மட்டும் என்று கேட்டேன்.
கழுகு ஒற்றையாகத்தான் பறக்கும் என்று சிரித்தான்.
நானும் சிரித்தேன்.

ஞாயிறு, மேசோட்டிலிருந்து கூப்பிட்டான்.
ஜிப் ஃபேக்டரியில் ஓவர்டைமாம், சோறு பரவாயில்லையாம்.
வண்டி பெட்ரோல் நாறுகிறது என்றேன்.
அங்கே ஏதோ மெஷின் ஓடி நின்றது.
"இடது பக்கமா?" என்றான்.

பக்கம் எதையும் நான் சொல்லியிருக்கவில்லை.

வெல்டிங்குக்குப் பணம் அனுப்புகிறேன் என்றான்.
எவ்வளவு ஆகும் என்று கேட்கவில்லை.
விசாரித்து வைத்திருந்தவன் போல.
யார் மேலே மோதினாய்,
அல்லது யார் உன் மேலே,
நாக்கு நுனி வரை வந்தது.
கார்டில் காசு தீர்ந்தது,
அவனுடையதா என்னுடையதா தெரியவில்லை.

துணி சோப்பில் ஒரு துண்டு வெட்டி
பிசைந்து வெடிப்பில் வைத்துக்
கட்டைவிரலால் அழுத்தினேன்.
தற்போதைக்கு நிற்கும்.
கழுகு மேசைமேல் குப்புறக் கிடக்கிறது,
பசைப் பக்கத்தில் எறும்பு.
வெள்ளிக்கு இன்னும் ஐந்து நாள்.