பகுதி நேரம்

லாண்டரிக்குப் பின்வாசல் வழியாகத்தான் போவேன்.
முன்வாசல் முழுக்கக் கண்ணாடி,
எதிரே எங்கள் கம்பெனி பஸ் நிற்கும் இடம்.
சோஹாரில் மணலுக்குக் கண் இல்லை,
மற்ற எல்லாவற்றுக்கும் உண்டு.

ஐந்து மணியிலிருந்து எட்டு வரை. ஒன்றரை ரியால்.
மொஃபிஸ் பாய் நோட்டில் என் பெயர் எழுதுவதில்லை.
"மதராசி, ஹாஃப்."
அரை நேரமா, அரை ஆளா,
கேட்டதில்லை.

தகடு வெட்டும் மெஷின் எடுத்துக்கொண்டது
சுட்டுவிரல், நடுவிரல்,
மோதிர விரலில் பாதி.
மோதிரம் மட்டும் தப்பித்தது.
முந்தின வருஷமே அடகுக்குப் போயிருந்தது.

டைப்பிங் சென்டரில் ரஹ்மத்துதான் மனு அடித்தாள்.
ஞானதிரவியம் என்றேன்.
திராஃபியம் என்று வாசித்துக் காட்டினாள்.
சரி, இருக்கட்டும்.
பத்தாவது கேள்வி:
விபத்துக்குப் பிறகு வேறு வேலை செய்கிறாரா?
திரையைப் பார்த்தபடியே கேட்டாள்,
"இல்லைன்னு போடவா?"
என் சட்டையில் கஞ்சி வாசம்.
அவளுக்கும் அடித்திருக்கும்.
"போடுங்க."

சம்பளம் பாதியாகி,
அந்தப் பாதியும் நின்று நாலு மாதம்.
காத்திருக்கிறவனுக்கும் பசிக்கும் என்பதற்குப்
படிவத்தில் கட்டம் இல்லை.

காலையில் கிளினிக்கில்
இந்தக் கை ஆகாது என்று காட்டவேண்டும்.
சாயங்காலம் மொஃபிஸ் பாயிடம்
இதே கை ஆகும் என்று.
பெட்டி இடது கையில்.
வலதில் மிச்சமிருக்கும் கட்டைவிரலும் சுண்டுவிரலும்
நண்டு மாதிரித் துணியை இழுத்துப் பிடிக்கும்.
ஆவி எழும்போது சுடுவது
அந்த இரண்டிலும் இல்லை.
இல்லாத சுட்டுவிரலில்.
இதை எந்த டாக்டரிடம் சொல்ல?

ஜெபிஷா குரல் அனுப்பியிருந்தாள்,
பிளஸ் டூவில் எண்பத்தாறு சதவீதமாம்.
"உங்களுக்கு எவ்வளவுப்பா வரும்?"
நான் சிரித்துவிட்டேன்.
அவள் சிரிக்காமல்தான் கேட்டிருந்தாள்.
இரண்டாம் முறை கேட்டபோது தெரிந்தது.
காலேஜ் பீஸ் கட்ட
ஜூலை பத்து கடைசி.

மஸ்கட்டுக்கு விடிவதற்குள் பஸ்.
மருத்துவக் குழுவில் மூன்று பேர்.
சூடான்காரர் தமக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார்,
"மேல் பொத்தானைக் கழற்று. மறுபடி போடு."
நேற்றிரவு மட்டும்
நாற்பத்திரண்டு சட்டைக்குப் பொத்தான் போட்டவன்.
மேலே ஒன்று, மூன்றாவது ஒன்று,
ஹாங்கரில் நழுவாமலிருக்க அது போதும்.
வரும் வழியில் பர்கா பெட்ரோல் பங்க் கக்கூஸில்
போடத் தெரியாமல் போட
ஒத்திகை பார்த்தேன்,
கண்ணாடியில் என் முகம் பார்க்காமல்.

கழற்றினேன்.
போடப்போனேன்.
நழுவியது.
மறுபடியும் நழுவியது.
மூன்றாம் முறை நிஜமாகவே போடத்தான் முயன்றேன்,
ஆண்டவர் அறிய.
ஏசி குளிரில் தழும்பு இறுகி
துளை எங்கே என்றே தெரியவில்லை.
வியர்த்தது.
"போதும், போதும்" என்று
அந்த மனிதர் எழுந்து வந்து
தாமே என் பொத்தானைப் போட்டுவிட்டார்.
அவர் காலரில் இரட்டை மடிப்பு.
எவனோ அவசரத்தில் தேய்த்திருக்கிறான்.
அப்போதும் அதுதான் என் கண்ணில் பட்டது.

எத்தனை சதவீதம் என்று
மெசேஜில் வருமாம்.
இன்றைக்கே வரலாம், பதினைந்து நாளும் ஆகலாம்.

திரும்பி இறங்கும்போது ஏழு.
இன்னும் ஒரு மணி நேரம் மிச்சமிருக்கிறது,
அரை ரியால்.
பின்வாசல்.
"எங்கே போனாய்?" என்றார் மொஃபிஸ் பாய்.
"ஊர்க்காரர் ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை."
அதுவும் முழுப் பொய்யில்லை.

வலது பாக்கெட்டில் போன் அதிர்கிறது.
பெட்டியைக் கீழே வைக்காமல்
எடுக்க முடியாது.
இந்தக் காலரை முடித்துவிடுகிறேன்.