ஐஸ் பெட்டிக்கு ஒரு கச்சேரி

மேடைக்கும் எனக்கும் நடுவே ஒரு செங்கல் சுவர்.
தபேலா வருகிறது, கிடாரின் அடித்தந்தி வருகிறது,
பாட்டின் சொற்கள் மட்டும் சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டு
அந்தப் பக்கமே நின்றுவிடுகின்றன.
நான் பொருளாளர். கச்சேரி கேட்பவள் இல்லை.
பிஸ்கட் டப்பாவில் விழுந்ததையெல்லாம்
பத்து, இருபது, ஐம்பதாகப் பிரித்து
ரப்பர் பேண்டு போடுகிறேன்.
பக்கத்தில் லோகநாயகியின் மகள்
சலங்கையைக் கழற்றாமலே தூங்கிவிட்டாள்.
கனவிலும் அடவு போல,
அவ்வப்போது ஜல் என்கிறது.

நோட்டீசில் இப்படி அச்சாகியிருக்கிறது:
‘அல்சூர் நண்பர்கள் கலைக்குழு வழங்கும்
இன்னிசை, பரதம், பலகுரல்.
வசூல் முழுவதும் ஐஸ் பெட்டிக்கு.’
ஐஸ்கிரீம் பெட்டியா என்று
பிரஸ்காரர் கன்னடத்தில் கேட்டாராம்.
முனிரத்னம் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தான்.
பாதி விலைக்கு அடித்துக் கொடுத்தவரிடம்
சாவைப் பற்றி எதற்கு.

ஏப்ரலில் ஞானசௌந்தரி அக்கா போனபோது
மஸ்கட்டிலிருந்து மகன் வர இரண்டு நாள்.
வாடகைப் பெட்டி மூன்றும் வேறு வேறு வீட்டில்.
ரசல் மார்க்கெட்டில் மீன் ஐஸ் வாங்கி
பாளம் பாளமாகச் சாக்குப் போர்த்தி
ஆட்டோவில் கொண்டுவந்தோம்.
மரத்தூள், உப்பு, இரண்டு டேபிள் ஃபேன்.
உருகிய தண்ணீர் வாசல்படி இறங்கி
சந்து முழுக்க ஓடியது.
பிள்ளைகள் தாண்டித் தாண்டி விளையாடின.
யாரும் அதட்டவில்லை.
மிதிக்காமல் போக
நாங்களும்தான் தாண்டிக்கொண்டிருந்தோம்.

நசீர் பாய் உள்ளே வந்து ஐந்நூறு ரூபாய் வைத்தார்.
ரசீதுக்குப் பேர் கேட்டேன்.
‘பேர் வேணாம்மா. எங்க ஆளுங்களுக்குப்
பெட்டியே வேணாம், அன்னிக்கே மண்ணு.
ஆனா எதிர் வீட்டுக்கு வேணுமே.’
பெயர் என்ற இடத்தில்
எதிர் வீடு என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தேன்.

கரண்ட் போனது.
கீபோர்டு பாதி சுரத்தில் நின்றது.
என் கையில் முப்பத்தேழாவது நோட்டு.
எண்ணிக்கை தப்பக்கூடாதென்று
கட்டைவிரலை அதிலேயே அழுத்தி உட்கார்ந்திருந்தேன்.
அப்போதுதான் கேட்டது,
மைக் இல்லாத பிலோமினாவின் தொண்டை.
கார்மெண்ட்ஸில் எனக்குப் பக்கத்து மிஷின் அவள்;
பகலெல்லாம் பஞ்சுத்தூசி, கரகரப்பு, இருமல்.
அந்தத் தொண்டையா இது?
சுவரைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் வழியாகச்
சொல் சொல்லாக உள்ளே வந்தது.
ஜனங்கள் கைதட்டித் தாளம் போட்டார்கள்,
கொஞ்சம் ஓடினார்கள்,
அவள் இழுத்துப் பிடித்தாள்.
விளக்கு வந்தபோது
முப்பத்தேழா, முப்பத்தெட்டா?
முதலிலிருந்து எண்ணினேன்.

நாற்பத்தெட்டாயிரத்து எழுநூற்று அறுபது.
பெட்டி எழுபத்திரண்டாயிரம்.
சாமியானா கெம்பையா நாற்காலிக் காசு வேண்டாமென்றார்.
ஜெனரேட்டர்காரன் வரவே இல்லை,
ஆக அந்தச் செலவும் மிச்சம்.
அப்படியும் எட்டவில்லை.

துண்டுச் சீட்டோடு மேடையோரம் போனேன்.
முனிரத்னம் பார்த்தான், மடித்தான்,
மைக்கை இரண்டு தட்டு தட்டினான்.
‘டிசம்பர்ல இன்னொரு கச்சேரி வைக்கிறோம்.
அதுவரைக்கும் தயவுசெஞ்சு
யாரும் செத்துடாதீங்க.’

கூட்டம் சிரித்து அடங்கும் நேரம்
மூன்றாம் வரிசையிலிருந்து,
வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போகும் பாண்டுரங்கன்
எழுந்து நின்று கத்தினார்:
‘முயற்சி பண்றேன்!’
மறுபடியும் சிரிப்பு.
அவர் சட்டைப் பையைத் துழாவி
என்னைப் பார்த்து நூறு ரூபாயை ஆட்டினார்.

ரசீதுப் புத்தகம் எடுக்க உள்ளே வந்தால்
சலங்கைக்காரி எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்குகிறாள்.
‘ஆன்ட்டி, அடுத்தது நானா?’
‘நீ ஆடியாச்சுடி. காலைக் காட்டு.’
முடிச்சு இறுகியிருந்தது.
நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.
வெளியே அந்த நூறு ரூபாய்
கொஞ்ச நேரம் காத்திருந்தது.