மின்சாரம் போனபிறகு நடந்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்:
அந்தப் புதுப்பாடகன் பாடுவதில்லை,
கதவிடுக்கில் விரல் மாட்டியவன் மாதிரிக் கத்துகிறான்.
மா நிலார் கோபித்துக்கொள்வாள்.
அவள் கைபேசி முகப்பில் அவன்தான்,
வெள்ளித் தலைமுடியும் ஒற்றைக் கடுக்கனுமாய்.
சரி, முடி நன்றாயிருக்கிறது.
இரண்டாவது சரணத்தில் மூச்சு எடுக்க மறந்து
ஒரு நொடி தடுமாறுகிறானே,
அந்த இடமும் பிடிக்கும்.
மிச்சமெல்லாம் இயந்திரம் பாடுவது.

நடிப்புக்கு என்னிடம் ஒரே அளவுகோல்:
சாப்பிடத் தெரிகிறதா?
கொரியா நாடகத்து மாமியார்
மருமகளை வைதுகொண்டே நூடுல்ஸ் உறிஞ்சுவாள்.
ஓர் இழை உதட்டோரம் தொங்கும்,
வசவு நிற்காது.
அவள் நடிகை.
நம் தமிழ்த் தொடர்களிலோ
இலை நிறையப் பரிமாறி
முதல் கவளம் எடுத்ததும் போன் அடித்துவிடும்.
பன்னிரண்டு வருஷமாய்ப் பார்க்கிறேன்,
ஒருத்தியும் மோர்ச்சோறு வரை போனதில்லை.
அழுதால் கண்மை கலையாதது தனி வழக்கு.

தாம்வேயில் எங்கள் தெருவுக்கு
எப்போது வெளிச்சம் எப்போது இருட்டு என்று
அட்டவணை இருக்கிறது;
மின்சாரத்துக்குத்தான் அது தெரியாது.

சனிக்கிழமை. கடைசிப் பகுதி.
கோ தெய்ன் ஊவின் தேநீர்க்கடையில்
குட்டி முக்காலிகளில் முழங்கால் இடிக்கப் பதினேழு பேர்.
மாமியார் ஆஸ்பத்திரிக் கட்டிலில்.
மருமகள் கதவைத் திறக்கிறாள்,
வாயைத் திறக்கிறாள்,
போச்சு.

ஜெனரேட்டரில் டீசல் இல்லை.
"மன்னிச்சேன்னு சொல்லியிருப்பா" என்றார்
பேட்டரி விற்கிற குமரய்யா.
"அறைந்திருப்பாள்" என்றாள் மா நிலார், பர்மியில்.
மீன்காரம்மா கிழவியைக் கொன்றேவிட்டாள்.
எனக்குப் பொறுக்கவில்லை.
எழுந்தேன்.
ஐஸ்பெட்டிதான் கட்டில்.
கோ தெய்ன் ஊவை அதில் படுத்து இருமச் சொன்னேன்,
நிஜமாகவே நன்றாக இருமினார்.
யாரோ கைபேசி விளக்கைப் பிடித்தார்கள்.
ஆறிப்போன சமோசா சூப்பை
ஒரு கரண்டி அள்ளி
பேசாமல் நீட்டினேன்.
அவர் என்னையே பார்த்தார்.
வாங்கிக்கொண்டார்.
மென்றார், மெதுவாக, கடைவாய்ப் பல்லால்.
ஒரு முக்காலிகூட அசையவில்லை.
"உப்பு கம்மி" என்றார்.
அதை நான் சொல்லித்தரவில்லை.

மா நிலார் மூக்கை உறிஞ்சினாள்.
கேட்டதற்கு, "ஓவர் ஆக்டிங்" என்றாள்.

பத்தரைக்கு "மீ லாபி!" என்று தெருவே கூவியது.
டிவியில் பல்பொடி விளம்பரம்.

மறுநாள் அவள் கைபேசியில் அசலைப் பார்த்தோம்.
மருமகள் "அம்மா" என்கிறாள். வயலின்.
ரோஜா நிறத்தில் பூ உதிர்கிறது,
நாலாவது மாடியில், சாத்திய ஜன்னலுக்குள்.
எங்கிருந்து உதிர்கிறது என்று கேட்டால்
ரசனை இல்லாதவள் என்கிறாள்.
இருவரும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.
இத்தனைக்கும் மேசைமேல் கஞ்சி இருந்தது,
ஆவி பறக்க.

அடுத்த சனி புதுத்தொடர்.
நாயகி சமையல்காரியாம்.
முதல் பாட்டு அந்தக் கடுக்கன்காரனுடையது,
போகட்டும்.
டீசலுக்கு ஆளுக்கு ஐந்நூறு ச்யாட் போட்டிருக்கிறோம்.
கோ தெய்ன் ஊ மட்டும் தரவில்லை.
கரண்ட் போனாலும் பரவாயில்லை என்கிறார்,
நேற்றிலிருந்து
அவ்வப்போது
இருமிப் பார்த்துக்கொள்கிறார்.