நாலாவது மாடியில் ஒரு பல்

இட்லியின் இரண்டாவது விள்ளலில்
விழுந்துவிட்டது பல்.
ஸ்கூல் வேன் வர இன்னும் பன்னிரண்டு நிமிடம்.
நன்மாறனின் ஒரு காலில் மட்டும் சாக்ஸ்.
சட்னியிலிருந்து பொறுக்கியெடுத்துக்
குழாயில் கழுவினேன்.
அரிசி நொய் அளவு.
இதற்காகவா இத்தனை வருடம்
காலையிலும் ராத்திரியிலும்
பேஸ்ட்டுக்கும் அழுகைக்கும் நடுவில் நின்றேன்?

"கூரை மேல எறியணும்மா.
பவித்ரா சொன்னா.
இல்லன்னா புதுசு முளைக்காதாம்."

அண்ணாந்து பார்த்தேன்.
எங்கள் கூரை
ஐநூற்று நாலாம் வீட்டுக்காரர்களின் தரை.
ராத்திரி பதினொன்றுக்கு
அதன் மேல் நாற்காலி இழுப்பார்கள்.
அவர்களுக்கும் மேலே மொட்டைமாடி.
மொட்டைமாடிக்குப் பூட்டு.
சாவி செக்ரட்டரி நஞ்சுண்டையாவிடம்.
வடகம் காயவைக்கக் கேட்டதற்கே
விதிமுறைப் புத்தகத்தின் பதினோராம் பக்கத்தைப்
போட்டோ எடுத்து அனுப்பியவர்.
பல் என்றால் எந்தப் பக்கமோ.

"சாயங்காலம் பார்த்துக்கலாம்" என்றேன்.
எல்லாவற்றுக்கும் நான் சொல்வதுதான்.
ஹாரன் கேட்டது.
கைக்கு அகப்பட்டது
ஏழு அறை மாத்திரை டப்பா.
திறந்திருந்த அறையில் பல்லைப் போட்டு
மூடிவிட்டு ஓடினேன்.

மூன்று மணி மீட்டிங்.
திரையில் யாரோ
அடுத்த காலாண்டை விளக்கிக்கொண்டிருந்தபோது
பகீரென்றது.
திறந்திருந்தது செவ்வாய்.
இன்று செவ்வாய்.
பிரஷர் மாத்திரையைக் கண்ணால் பார்க்காமல்
உள்ளங்கையிலிருந்து அப்படியே
வாய்க்குள் கொட்டுகிறவர் இவர்.

லிஃப்ட் அருகே நின்று போன் போட்டேன்.
நைட் ஷிஃப்ட் தூக்கம் கலைந்து
"என்னாச்சு?" என்றார்.
"மாத்திரை போட்டுட்டீங்களா?"
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
கல்யாணமாகிப் பத்து வருடத்தில்
நான் இப்படிக் கேட்டதேயில்லை போல.
"இல்லப்பா, இனிமேதான்"
என்ற குரல் அவ்வளவு குழைந்திருந்தது.
பல்லைப் பற்றி உடனே சொல்ல
மனசு வரவில்லை.
"சாப்பிட்டீங்களா?" என்று
இன்னொன்றும் கேட்டு வைத்தேன்.
பிறகுதான் சொன்னேன்.

ஏழு மணிக்குப் பால்கனியில் மூன்று பேர்.
ஹொரமாவில் அடுத்த மனை காலியாயிருந்தால்
அது அடுத்த மாதம் வரைதான்.
பக்கத்தில் தூண்கள் எழும்பியிருந்தன.
அடியில் வேலைக்கு வந்தவர்களின்
தகரக் கொட்டகை வரிசை.
மேலே நீலத் தார்ப்பாய், நாலைந்து செங்கல்,
ஒரு சைக்கிள் டயர்.

"அதுவும் கூரைதானே?"

கூரைதான்.
இந்தத் தெருவில்
எறிந்தால் எட்டுகிற கூரை அது ஒன்றுதான்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு எறிந்தான்.
டிங் என்றது.
கேட்டோமா, கேட்டதாக நினைத்தோமா,
மூன்று பேரும் அன்று சத்தியம் செய்தோம்.
கொட்டகைக்குள்ளிருந்து ஒரு பையன் வந்து
நெற்றியில் கை வைத்து மேலே பார்த்தான்.
சட்டென்று குனிந்தோம்,
காய்கிற துண்டுகளுக்குப் பின்னால்,
ஈரத் தரையில் முட்டி போட்டு.
இவர் வாயைப் பொத்திக்கொண்டார்.
தோள்கள் மட்டும் குலுங்கின.

பிப்ரவரியில் புதுப்பல் வந்தது.
கொஞ்சம் கோணல்.
அதற்கும் முன்பே
கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை
இட்லித் தட்டு தேய்த்தபடி பார்த்தேன்,
தகரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக
லாரியில் ஏறுவதை.
அந்தப் பையன் செங்கற்களை எண்ணி அடுக்கினான்.
பல் எப்போதோ மழையில் போயிருக்கும்.
இல்லையென்றால் தகரத்தின் ஏதோ ஒரு மடிப்பில்
ஹெண்ணூருக்கோ தேவனஹள்ளிக்கோ போயிருக்கும்.
அங்கே ஒரு குடும்பம்
என் மகனின் பல்லுக்கு அடியில் தூங்கும்.

இதை அவனிடம் சொல்லவில்லை.
அடுத்த பல் ஆடத் தொடங்கிவிட்டது.
நாக்கால் தள்ளித் தள்ளி
"இதை எங்கம்மா எறியறது?" என்கிறான்.
பால்கனிக்கு எதிரே இப்போது
பதினாலு மாடிக்குக் கண்ணாடி.
அதில் நாங்கள் தெரிகிறோம்,
தட்டும் கையுமாக.

முதலில் தின்று முடி.
வேன் வந்துவிடும்.
இன்னொரு சாக்ஸ் எங்கே?